உகாண்டாவின் ஓரினச்சேர்க்கைத் தடைச் சட்டமும் வெளிநாட்டு அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமை என்று பேச்செடுத்தால் அது சுற்றிச் சுற்றி உகாண்டாவில்தான் வந்து நிற்கும். 2009-ல் ஒரு எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் தொடங்கியது. அதன்பின் இரண்டு சட்டங்கள், இரண்டு பெரிய நீதிமன்றத் தீர்ப்புகள், உலக வங்கியின் தடை, அந்தத் தடையின் நீக்கம் என்று இழுத்துக்கொண்டே போகிறது. தமிழ்ச் செய்திகளில் இது துண்டு துண்டாகத்தான் வரும். அவற்றைப் படித்தவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. நம் பத்திரிகைகள் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதுகின்றன. ஒரு மனிதரின் இயல்பை வெறும் படுக்கையறைச் செயலாகச் சுருக்கிவிடும் சொல் அது. ஆனால் உகாண்டாச் சட்டத்தின் பார்வையும் அதேதான் என்பதால், சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன். மனிதர்களைச் சொல்லும்போது தன்பாலீர்ப்பாளர்கள்.

2023-ஆம் ஆண்டுச் சட்டம் என்னதான் சொல்கிறது?

ஒரே பாலினத்தவருக்கு இடையிலான உறவுக்கு ஆயுள் தண்டனை. அதற்கு முயன்றாலே 10 ஆண்டு வரை சிறை. 'கடுமையான ஓரினச்சேர்க்கை' என்று ஒரு தனி வகை உண்டு, அதற்கு மரண தண்டனை. சிறார், 75 வயதைத் தாண்டியவர், மாற்றுத்திறனாளி போன்றோர் சம்பந்தப்பட்டால் அந்த வகையில் வரும். ஒரே குற்றத்துக்காக மறுபடி தண்டனை பெறுபவரும் அதில் வருவார்.

சிறாரைக் காப்பாற்றத்தானே, அதில் என்ன தப்பு என்று சிலர் கேட்பார்கள். சிறார் மீதான பாலியல் குற்றத்துக்கு உகாண்டாவில் ஏற்கெனவே கடும் தண்டனை இருந்தது. இந்தச் சட்டம் புதிதாகச் செய்தது, அந்தக் கொடுமையையும் இரண்டு பெரியவர்கள் மனமொத்து வாழ்வதையும் ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்ததுதான்.

நடைமுறையில் அதிக ஆட்களை மிரட்டுவது வேறொரு பிரிவு: ஓரினச்சேர்க்கையை 'ஊக்குவித்தால்' 20 ஆண்டு வரை சிறை. ஊக்குவித்தல் என்றால் எது? கையேடு அச்சடிப்பதா, சட்ட உதவி தருவதா, பேட்டி எடுத்து வெளியிடுவதா? வரையறையை எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் இழுக்கலாம்.

2023 மார்ச் 21-ல் நாடாளுமன்றம் முதலில் நிறைவேற்றிய வடிவம் இன்னும் மோசம். தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளப்படுத்திக்கொள்வதே அதில் குற்றம். அதிபர் யோவேரி முசேவேனி அதைத் திருப்பி அனுப்பினார். மே 2-ல் திருத்திய வடிவம் நிறைவேறியது. அவர் கையெழுத்திட்ட செய்தி மே 29-ல் வெளியானது.

மரண தண்டனையை உண்மையிலேயே நிறைவேற்றுவார்களா?

உகாண்டாவில் பல ஆண்டுகளாக யாரையும் தூக்கில் போடவில்லை. ஆனால் 'கடுமையான ஓரினச்சேர்க்கை' பிரிவின்கீழ் வழக்கு போட்டிருக்கிறார்கள். சோரோட்டி நகரில் 20 வயது இளைஞர் ஒருவர் மீது அப்படிக் குற்றம் சாட்டிய செய்தி 2023 ஆகஸ்டில் வெளிவந்தது.

தூக்குக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் தினசரிக் கொடுமை கண்ணில் படாது. வீட்டுக்காரர் 'காலி செய்' என்கிறார். 'போலீஸில் சொல்லிவிடுவேன்' என்று பக்கத்து வீட்டுக்காரர் காசு பறிக்கிறார். அதற்கு ஒரு வழக்குகூடத் தேவையில்லை, சட்டம் இருக்கிறது என்ற பேச்சே போதும்.

2009-க்கு முன் உகாண்டாவில் இது குற்றமாக இருக்கவில்லையா?

இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நமக்கே கொஞ்சம் தூக்கிவாரிப்போடும்.

'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உடலுறவு' என்ற சொற்றொடரைக் கேட்டிருப்பீர்கள். மெக்காலே தலைமையில் எழுதத் தொடங்கி 1860-ல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அது. கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கே தனியாகச் சட்டம் எழுத மெனக்கெடவில்லை. இந்தியாவுக்கு எழுதியதையே கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். இந்திய ரூபாயும் அங்கே புழங்கியது, ரயில் பாதை போட இந்தியக் கூலிகளும் போனார்கள், கூடவே தண்டனைச் சட்டமும் போனது. 1930-ல்தான் அதை மாற்றி வேறொரு காலனியச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதிலும் இந்த வாசகம் அப்படியே தொடர்ந்தது. 1950-ஆம் ஆண்டு உகாண்டா தண்டனைச் சட்டத்தில் அது 145-வது பிரிவு. தண்டனை ஆயுள்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் இந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365-வது பிரிவும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

அப்படியானால் வெறுப்பு முழுவதும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதானா?

அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. பிரான்ஸ் 1791-லேயே தன் தண்டனைச் சட்டத்திலிருந்து இதை நீக்கிவிட்டது. அதனால் பழைய பிரெஞ்சுக் காலனிகள் பலவற்றுக்கு இப்படி ஒரு பிரிவு பரம்பரைச் சொத்தாக வரவில்லை. செனகல் விடுதலை பெற்ற பிறகு, 1960-களில்தான், தன் தண்டனைச் சட்டத்தில் இதை எழுதிக்கொண்டது. கேமரூனும் 1972-ல் அப்படியே செய்தது. இவற்றுக்கு லண்டனைக் குற்றம் சொல்ல முடியாது.

'இது ஆப்பிரிக்காவிலேயே இல்லாத வழக்கம், வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்ற மறுபக்க வாதமும் உகாண்டாவின் சொந்த வரலாற்றிலேயே இடிக்கிறது. இன்றைய உகாண்டாவுக்குள் அடங்கிய புகாண்டா நாட்டின் அரசர் இரண்டாம் முவாங்கா 1885-87 காலத்தில் கிறிஸ்தவர்களாக மாறிய அரண்மனைப் பணியாளர்களைக் கொன்றார். மொத்தம் 45 பேர். அவர்களில் 22 கத்தோலிக்கர்களுக்கு 1964-ல் போப் ஆறாம் பவுல் புனிதர் பட்டம் கொடுத்தார். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 3 உகாண்டாவில் தேசிய விடுமுறை, நமுகொங்கோ திருத்தலத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். அந்தப் பணியாளர்கள் அரசரின் பாலியல் இச்சைக்கு இணங்க மறுத்ததும் கொலைக்கு ஒரு காரணம் என்று திருச்சபையே சொல்லிவருகிறது. ஐரோப்பியர்கள் நாட்டைப் பிடித்துவிடுவார்கள் என்ற அரசியல் பயமும் அதில் சேர்ந்திருந்தது.

ஆக, பக்தியோடு தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் இந்தக் கதைப்படியே, வெள்ளைக்காரன் ஆட்சிக்கு முன்பு அரண்மனையில் அது இருந்தது. அதிகாரத்தில் இருப்பவர் பணியாளரை வற்புறுத்தியதை உரிமைக்கு உதாரணமாகக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 'இங்கே இல்லவே இல்லை' என்ற வாதம் நிற்காது என்று சொல்ல மட்டுமே இதை எடுத்தேன்.

2009-ல் திடீரென்று ஏன் கிளம்பியது?

அந்த ஆண்டு மார்ச்சில் தலைநகர் கம்பாலாவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. 'ஓரினச்சேர்க்கையாளர்களின் சதித்திட்டத்தை' அம்பலப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட அதில் பேச அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முக்கியமானவர் ஸ்காட் லைவ்லி என்ற மதபோதகர். உகாண்டா எம்.பி.க்களையும் அவர் சந்தித்தார். ஏழு மாதம் கழித்து, அக்டோபரில், டேவிட் பஹாட்டி என்ற எம்.பி. மசோதாவைக் கொண்டுவந்தார். மரண தண்டனை அதிலேயே இருந்தது. அந்த அளவுக்குத் தான் சொல்லவில்லை என்று லைவ்லி பிறகு விலகிக்கொண்டார்.

உகாண்டாவின் தன்பாலீர்ப்பாளர் அமைப்பான 'ஸ்மக்' சும்மா இருக்கவில்லை. 2012-ல் அமெரிக்காவுக்கே போய் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் லைவ்லி மீது வழக்கு போட்டது. 2017-ல் வழக்கு தள்ளுபடியானது. வெளிநாட்டில் நடந்ததை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்பதுதான் நீதிபதி சொன்ன காரணம். ஆனால் அதே தீர்ப்பில், உகாண்டாவில் நடந்த கொடிய ஒடுக்குமுறைக்கு லைவ்லி துணைபோனார் என்றும் எழுதிவைத்தார்.

'மேற்கிலிருந்து உரிமை இறக்குமதி' என்று கத்தும் அரசியல்வாதிகள் யாரும் மேற்கிலிருந்து வந்த இந்தச் சரக்கைப் பற்றிப் பேசுவதில்லை. 2023-லும் மசோதா சூடாக இருந்த நேரத்தில், என்டெபியில் குடும்ப விழுமியங்களுக்கான எம்.பி.க்கள் மாநாடு நடந்தது. அதற்கும் அமெரிக்காவிலிருந்து ஓர் அமைப்பின் தலைவர் வந்திருந்தார். மசோதாவைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்கிறது அந்த அமைப்பு.

டேவிட் காட்டோ யார்?

பள்ளி ஆசிரியர், 'ஸ்மக்' அமைப்பின் முன்னணிச் செயல்பாட்டாளர். 2010 அக்டோபரில் 'ரோலிங் ஸ்டோன்' என்ற கம்பாலாப் பத்திரிகை (புகழ்பெற்ற அமெரிக்க இசைப் பத்திரிகைக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை) தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிப் பலரின் பெயரையும் படத்தையும் வெளியிட்டது. அட்டையிலேயே 'தூக்கிலிடுங்கள்' என்று போட்டது. காட்டோ, காஷா ஜாக்குலின் நபகெசெரா, பெப்பே ஜூலியன் ஒன்சியெமா மூவரும் வழக்கு போட்டு 2011 ஜனவரி 3-ல் ஜெயித்தார்கள். ஆளுக்கு 15 லட்சம் உகாண்டா ஷில்லிங் இழப்பீடு.

மூன்று வாரம்தான். ஜனவரி 26-ல் முகோனோவில் இருந்த வீட்டில் காட்டோவைச் சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள். தனிப்பட்ட தகராறு என்றது போலீஸ். ஒருவருக்கு 30 ஆண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது. பத்திரிகையின் அட்டைக்கும் கொலைக்கும் தொடர்பு இல்லை என்பதை அவரது நண்பர்கள் இன்றுவரை ஏற்கவில்லை.

இறுதிச் சடங்கில் நடந்ததை வைத்து அன்றைய நிலைமையை எடை போடலாம். சடங்கு நடத்த வந்த பாதிரியார் ஒலிபெருக்கியிலேயே தன்பாலீர்ப்பைக் கண்டித்துப் பேசத் தொடங்கிவிட்டார். தள்ளுமுள்ளு ஆனது. பிணத்தைப் புதைக்க ஊரார் வரவில்லை. நண்பர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆங்கிலிகன் சபை ஒதுக்கிவைத்திருந்த முன்னாள் ஆயர் கிறிஸ்டோபர் சென்யோஞ்ஜோ கல்லறையருகே ஜெபம் செய்தார்.

2014-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன ஆனது?

பஹாட்டியின் மசோதா நான்கு ஆண்டு கிடப்பில் கிடந்தது. அதற்கு உயிர்கொடுத்ததில் ஒரு வெளிநாட்டு அமைச்சருக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 2012 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரில் உலக நாடாளுமன்றங்களின் கூட்டம் நடந்தது. அங்கே கனடா வெளியுறவு அமைச்சர் ஜான் பேர்ட் உகாண்டாவை மேடையிலேயே கண்டித்தார். உகாண்டா சபாநாயகர் ரெபெக்கா கடாகா எழுந்து, நாங்கள் கனடாவின் காலனி அல்ல என்ற பாணியில் திருப்பிக் கொடுத்தார். அவர் ஊர் திரும்பியபோது என்டெபி விமான நிலையத்தில் மாலை மரியாதைதான். சீக்கிரமே மசோதாவை நிறைவேற்றி நாட்டுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவேன் என்று அறிவித்தார். ஓர் ஆண்டு தாமதமாக, 2013 டிசம்பர் 20-ல், சொன்னதைச் செய்தார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்திருந்தது.

முசேவேனி முதலில் தயங்கினார். எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதினார், விஞ்ஞானிகள் குழுவிடம் அறிக்கை கேட்டார். கையெழுத்திட்டால் உறவு சிக்கலாகும் என்று ஒபாமா வெளிப்படையாக எச்சரித்தார். 2014 பிப்ரவரி 24-ல் வெளிநாட்டு நிருபர்களை வரவழைத்து, கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து கையெழுத்திட்டார். அந்தக் காட்சி யாருக்காக என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன!

உடனே உலக வங்கி 9 கோடி டாலர் சுகாதாரக் கடனை நிறுத்திவைத்தது. டென்மார்க், நார்வே, நெதர்லாந்து போன்றவை அரசுக்குப் போகும் உதவியை நிறுத்தின அல்லது தொண்டு நிறுவனங்கள் பக்கம் திருப்பின. ஆகஸ்ட் 1-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. உரிமை மீறல் என்பதற்காக அல்ல. வாக்களித்த அன்று அவையில் கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எம்.பி.க்கள் எண்ணிக்கை) இல்லையாம். முசேவேனி வாஷிங்டனில் ஒபாமா கூட்டிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் மாநாட்டுக்குக் கிளம்ப இருந்தார், மாநாடு ஆகஸ்ட் 4-ல். கம்பாலாவில் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். நீதிமன்றத்துக்கு அழுத்தம் போனது என்று நிரூபிக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

உதவியை நிறுத்துவோம் என்று மிரட்டினால் பலன் உண்டா?

இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. மிரட்டப்படும் நாட்டில் வாழும் தன்பாலீர்ப்பாளர்கள் என்ன சொன்னார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே நியாயம்.

2011 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன், தன்பாலீர்ப்பாளர் உரிமையை மதிக்காத நாடுகளுக்கு உதவியைக் குறைப்போம் என்ற தொனியில் பேசினார். கானா அதிபர் ஜான் அட்டா மில்ஸ் 'எங்கள் சமூகத்தின் விதியை வெளியார் சொல்ல முடியாது' என்ற பொருளில் மறுத்துவிட்டார். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, ஆப்பிரிக்காவின் 50-க்கும் மேற்பட்ட சமூக நீதி அமைப்புகள் சேர்ந்து கேமரூனுக்கு எதிராக வெளியிட்ட அறிக்கை. அவற்றில் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளும் இருந்தன. அவர்கள் வாதம் இதுதான்: உதவி நின்றால் மருந்துக்கடையும் பள்ளியும் எங்களுக்கும் சேர்த்துத்தான் நிற்கும். ஊர் மொத்தமும் 'உங்களால்தான் இது' என்று எங்களைத்தான் கை காட்டும். அதோடு, பணம் கொடுப்பவன் சொல்வதைக் கேள் என்ற பழைய காலனிய உறவுதான் இதில் மறுபடி தலைதூக்குகிறது.

எனக்கு இந்த வாதத்தில் பெரும்பகுதி சரி என்றே படுகிறது. இருந்தாலும் மலாவியை என்ன செய்வது? 2009 கடைசியில் ஊரறிய நிச்சயதார்த்தம் செய்துகொண்ட ஒரு ஜோடிக்கு 2010 மே 20-ல் 14 ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். ஒன்பதே நாளில், ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் தலைநகருக்கு வந்திருந்தபோது, அதிபர் பிங்கு வா முத்தாரிகா மன்னிப்பு அறிவித்தார். அவர்கள் செய்தது நம் பண்பாட்டுக்கு எதிரான குற்றம்தான் என்று சொல்லிக்கொண்டே அறிவித்தார். மனம் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இரண்டு பேர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

சாம்பியாவில் நேர் எதிர். 2019 நவம்பரில் இரண்டு ஆண்களுக்கு 15 ஆண்டு சிறை உறுதியானது. அமெரிக்கத் தூதர் டேனியல் ஃபூட் அதிர்ச்சி தெரிவித்து, கொடுக்கும் உதவியையும் ஊழலையும் சேர்த்துப் பொரிந்து தள்ளினார். அதிபர் எட்கர் லுங்கு கொதித்தார். டிசம்பரில் தூதரையே வாஷிங்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த இருவரும் எப்போது வெளியே வந்தார்கள் தெரியுமா? 2020 மே மாதம், ஆரவாரம் அடங்கிய பிறகு. சுமார் 3,000 கைதிகளுக்குக் கொடுத்த பொதுமன்னிப்பில் அவர்கள் பெயரும் இருந்தது.

கானா மூன்றாவது விதம். 2024 பிப்ரவரி 28-ல் நாடாளுமன்றம் கடுமையான மசோதா ஒன்றை நிறைவேற்றியது. தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளப்படுத்திக்கொண்டாலே 3 ஆண்டு வரை சிறை. சில நாட்களிலேயே அந்நாட்டு நிதியமைச்சகமே கணக்கு போட்டுவிட்டது: உலக வங்கிப் பணம் 5, 6 ஆண்டுகளில் 380 கோடி டாலர் போய்விடும். நாடு கடனில் மூழ்கியிருந்தது. அதிபர் அகுஃபோ-அட்டோ, நீதிமன்ற வழக்கைக் காரணம் காட்டிக் கையெழுத்திடாமலே பதவிக்காலத்தை முடித்தார். மசோதா காலாவதியானது. அடுத்த ஆண்டே மறுபடி கொண்டுவந்தார்கள், அது வேறு கதை.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேடை போட்டு மிரட்டுவது அங்குள்ள அரசியல்வாதிக்கு ஓட்டு சேர்த்துக் கொடுக்கும் வேலை. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது சில சமயம் ஆளைக் காப்பாற்றும். பணக் கணக்கு ஒரு சட்டத்தைத் தள்ளிப்போடும், மனதை மாற்றாது. ஏழைகளுக்குப் போகும் பணத்தைத் தொடாமல், குறிப்பிட்ட அதிகாரிகளின் விசாவை மட்டும் ரத்து செய்யுங்கள் என்று உகாண்டாச் செயல்பாட்டாளர்கள் சிலர் கேட்டார்கள். 2023-ல் சபாநாயகர் அனிட்டா அமோங்கின் அமெரிக்க விசா ரத்தானது. லண்டனிலோ நியூயார்க்கிலோ கடைக்குப் போக முடியாத அமைச்சருக்கு வலிக்கும், கிராமத்து ஆஸ்பத்திரிக்கு வலிக்காது.

தெருவில் இறங்கிப் போராடியது யார்?

பெரும்பாலும் சட்டத்தை ஆதரித்தவர்கள். புருண்டியில் 2009 மார்ச்சில், தன்பாலின உறவைக் குற்றமாக்கும் பிரிவை செனட் நிராகரித்ததும், ஆளுங்கட்சியே ஆயிரக்கணக்கானோரைப் புஜும்புரா தெருவில் இறக்கியது. அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. கம்பாலாவில் 2014 மார்ச் 31-ல் கொலோலோ மைதானத்தில் சட்டத்துக்கு நன்றி சொல்லும் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், மதத் தலைவர்கள், மேடையில் முசேவேனி. அதை மக்களின் கோபம் என்பதா, அரசு கூட்டிய கூட்டம் என்பதா? இரண்டும் கலந்தது. மக்களிடம் எதிர்ப்பு நிஜமாகவே இருக்கிறது. அதை எப்போது பந்தல் போட்டுக் காட்டுவது என்பதை மட்டும் அரசு முடிவு செய்கிறது.

எதிர்த்தரப்பு தெருவுக்கு வர முடியாது. 2012 ஆகஸ்டில் என்டெபி ஏரிக்கரையில் தன்பாலீர்ப்பாளர்களின் முதல் பெருமைப் பேரணியை ('பிரைடு') நடத்திப் பார்த்தார்கள். 2016-ல் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் போலீஸ் புகுந்து கைது செய்தது. அதனால் உகாண்டாவுக்கான போராட்டம் பக்கத்து நாடுகளில் நடக்கும். 2014 பிப்ரவரியில் நைரோபியில் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். 2023-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் உகாண்டாத் தூதரகத்தின் முன் ஜூலியஸ் மலேமாவின் கட்சி மறியல் செய்தது. மேற்குலகை நாள்தோறும் வறுத்தெடுக்கும் தீவிர இடதுசாரிக் கட்சி அது. 'இது அமெரிக்கா ஏவிவிட்ட போராட்டம்' என்று அதைச் சொல்ல உகாண்டா அரசுக்கு வாய் வந்திருக்காது.

2023-க்குப் பிறகு உலக வங்கி என்ன செய்தது?

2023 ஆகஸ்ட் 8-ல், உகாண்டாவுக்குப் புதிய கடன் இல்லை என்று அறிவித்தது. நடந்துகொண்டிருந்த திட்டங்கள் தொடர்ந்தன. பணத்தைக் காட்டி எங்கள் நம்பிக்கையையும் இறையாண்மையையும் வாங்கப் பார்க்கிறார்கள் என்று முசேவேனி பதிலடி கொடுத்தார். அமெரிக்காவும் 2024 ஜனவரி 1 முதல், ஆப்பிரிக்க நாடுகளுக்கான தீர்வையில்லா ஏற்றுமதிச் சலுகைப் பட்டியலிலிருந்து உகாண்டாவை நீக்கியது. 2025 ஜூனில், பாகுபாட்டைத் தடுக்க ஏற்பாடுகள் செய்திருக்கிறோம் என்று சொல்லி, உலக வங்கி மறுபடி கடன் கொடுக்க முன்வந்தது. சட்டம் அப்படியே இருக்கிறது.

சோமாலியாவுக்குப் படை அனுப்பும் நாடு, பத்து லட்சத்துக்கும் மேல் அகதிகளுக்கு இடம் கொடுத்த நாடு உகாண்டா. அதை ஓர் அளவுக்கு மேல் முறுக்க மேற்கு நாடுகளுக்கும் துணிச்சல் இல்லை.

நீதிமன்றம் ஏன் இந்த முறை ரத்து செய்யவில்லை?

2024 ஏப்ரல் 3-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். சிலவற்றை மட்டும் வெட்டினார்கள்: தெரிந்தால் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், வீடு வாடகைக்கு விடுவதைக் குற்றமாக்கிய பிரிவு, நோய் பரவுதல் பற்றிய பிரிவு. வாடகைப் பிரிவு போனது சின்ன விஷயம் அல்ல.

தீர்ப்பில் ஒரு விசித்திரம் உண்டு. கருக்கலைப்பு உரிமையை நீக்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-ல் தந்த 'டாப்ஸ்' தீர்ப்பைத் தங்களுக்குத் துணையாகக் காட்டினார்கள். வெளிநாட்டுத் தலையீடு கூடாது என்ற வழக்கில் வெளிநாட்டுத் தீர்ப்பு கைகொடுத்தது.

எச்.ஐ.வி. சிகிச்சைக்கு என்ன பாதிப்பு?

உகாண்டாவில் சுமார் 14 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். சிகிச்சைச் செலவில் பெரும்பங்கு அமெரிக்கப் பணம். 2023-ல் சட்டம் வந்த உடனே மருத்துவமனைக்கு வரும் கூட்டம் குறைந்தது. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். 2025 தொடக்கத்தில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை ஒரேயடியாக முடக்கியபோது, தன்பாலீர்ப்பாளர்களுக்கான சிறு கிளினிக்குகள் பல மூடப்பட்டன. உரிமையைக் காக்க உதவியை வெட்டலாமா என்று பத்து ஆண்டுக்கு மேல் விவாதித்தார்கள். கடைசியில் உரிமை என்ற பேச்சே இல்லாமல் உதவி வெட்டுப்பட்டது.

ஆப்பிரிக்கா முழுவதும் இப்படித்தானா?

இல்லை. 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் குற்றம்தான். ஆனால் மொசாம்பிக், சீஷெல்ஸ், அங்கோலா, போட்ஸ்வானா, மொரீஷியஸ், நமீபியா எல்லாம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பிரிவைக் கைவிட்டவை. தென்னாப்பிரிக்கா 2006-லேயே திருமணத்தை அனுமதித்தது. எதிர்த்திசையில் போனவையும் உண்டு: மாலி 2024-ல், புர்கினா ஃபாசோ 2025-ல் புதிதாகக் குற்றமாக்கின. இரண்டிலும் நடப்பது ராணுவ ஆட்சி.

போட்ஸ்வானாவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2019-ல் அங்கே ஜெயித்த வழக்கைப் போட்டவர் உள்ளூர் மாணவர். நீதிபதிகள் உள்ளூர்க்காரர்கள். 377 பற்றிய நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்துப் படித்தார்கள். வங்கியும் தூதரும் மிரட்டவில்லை. 2021-ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. மொரீஷியஸ் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில், அந்தப் பிரிவு நம் மண்ணின் விழுமியத்தைக் காட்ட வந்தது அல்ல, பிரிட்டனிடமிருந்து வந்த காலனியச் சொத்து என்று எழுதியது.

உகாண்டாவின் தன்பாலீர்ப்பாளர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள்?

'குச்சு'. தங்களுக்குள் வைத்துக்கொண்ட சொல். தெருவில் கத்தப்படும் லுகாண்டா வசைச்சொல் 'எபிசியாகா'.

2023-ல் யாருமே எதிர்த்து வாக்களிக்கவில்லையா?

ஏறக்குறைய 400 பேர் உட்கார்ந்திருந்த அவையில் இரண்டு பேர் எதிர்த்தார்கள்: ஃபாக்ஸ் ஓடோய், பால் குவிசேரா புச்சியானா. இருவரும் சேர்ந்து சிறுபான்மை அறிக்கையும் எழுதினார்கள். ஓடோய் ஆளுங்கட்சிக்காரர், ஒரு காலத்தில் முசேவேனியின் சட்ட ஆலோசகர். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் அவரும் ஒருவர். 2023-லும் போனார். 2024 ஏப்ரலில் தோற்ற அந்த வழக்கு அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. அதன் மேல்முறையீடு உகாண்டா உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.